பழைய க்ரவுண் காரின் கோணிப்போன மின் இருக்கையைத் திருத்திய அனுபவம்

மட்டக்களப்பு நாவற்குடாவில் வாவிக்கரையோரம் வசிக்கும் என் மாமாவிடம் 1996 ஆம் ஆண்டு ஜப்பானில் உற்பத்தியான டொயோட்டா க்ரவுண் கார் ஒன்று இருக்கிறது. இந்த ஆண்டு சித்திரை மாதத்திலிருந்து, சுவிச்சை அழுத்தினால் மோட்டரால் முன்னும் பின்னும் நகரும் அதன் ஓட்டுநர் இருக்கை பின்னோக்கி நகர மறுத்தது. சுவிச்சை அழுத்தியதும் மோட்டர் சுழலும் ஒலி கேட்கும். இருக்கையின் இடப்பக்கம் ஒரு விரற்கடை அளவு பின்னே போகும். வலப்பக்கம் இருந்த இடத்திலேயே நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்து கடகடவென்ற சத்தம் எழும். பின்னர் மோட்டரின் குரல் கனத்து, சில நொடிகளில் எல்லாம் அடங்கிவிடும். இருக்கை சிறிது கோணியபடி, ஸ்டியரிங்கை ஒட்டி, முன்னால் சிக்கிக்கொண்டது. முழங்கால் வலியுள்ள எழுபது வயது மனிதரால் அந்த நெருக்கத்தில் காலை மடக்கிப் பிரேக்கை மிதிக்க முடியாது என்பதால், இரண்டு மாதங்களுக்கு மேலாகக் கார் கொட்டிலிலேயே நின்றது.

ஒரு கராச்சில் காட்டியபோது, மோட்டர் பழுதடைந்துவிட்டதென்றும், கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய இருக்கை அடித்தளம் முழுவதையும் வரவழைக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட விலை மாமாவின் ஒரு மாத ஓய்வூதியத்தைக் கடந்தது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிய பின்னரும், எம்மைப் போன்றோர் கையிலுள்ள பழைய வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதையே வழியாகக் கொண்டிருக்கிறோம். அதனால் ஆடி மாதத்தில் இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி நானே கழற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

"என்ன மருமகன், மோட்டர் போயித்து எண்டுதானே கராச்சில சொன்னாங்க?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா, மோட்டர் சுத்துற சத்தம் நல்லாக் கேட்குது. சுத்துறது அங்கால போய்ச் சேரல்ல. அவ்வளவுதான்" என்றேன்.

மின் இருக்கையில் குறையைத் தேடத் தொடங்கும்போது காதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும் என்று நான் நம்புகிறேன். சுவிச்சை அழுத்தியும் எந்த ஒலியும் இல்லையென்றால் பியூஸ், சுவிச், வயர், மோட்டர் என்ற மின்சார வரிசையில் தேட வேண்டும். ஒரு சிறு முனகல் மட்டும் கேட்டு, உள்விளக்கும் மங்குமானால், மோட்டருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் சுழல முடியாதபடி ஏதோ இறுகியிருக்கிறது என்று பொருள். மோட்டர் இலகுவாகச் சுழன்றும் இருக்கை நகரவில்லையென்றால், மோட்டருக்கும் இருக்கைக்கும் இடையில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மாமாவின் இருக்கையில் முதலில் மூன்றாவது வகை ஒலியும், இடப்பக்கம் நகர்ந்து கோணியதும் இரண்டாவது வகை ஒலியும் கேட்டன. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டதும், ஒரு பக்கத்துக்குச் சுழற்சி போகவில்லை என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. இறுதியில் மோட்டர் அடங்குவது பழுதினால் அன்று. சூடேறினால் மின்னோட்டத்தைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் இணைக்கும் சிறு பாதுகாப்புறுப்பு பல இருக்கை மோட்டர்களுக்குள்ளேயே இருக்கும். ஐந்து நிமிடம் விட்டு அழுத்தியபோது மோட்டர் மறுபடியும் சுழன்றது.

இந்த இருக்கையின் அமைப்பைச் சொன்னால்தான் மேலே எழுதுவது விளங்கும். இருக்கையின் கீழே வலமும் இடமுமாக இரண்டு இரும்புத் தடங்கள் உள்ளன. பட்டறைகளில் அவற்றை ரெயில் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு ரெயிலுக்குள்ளும் நீளமான திருகுத் தண்டு ஒன்று கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே, இடப்பக்கம் சற்று ஒதுங்கி, ஒரே ஒரு மோட்டர் தொங்குகிறது. அதிலிருந்து இரண்டு சுழல் கேபிள்கள் புறப்பட்டு, ஒவ்வொரு ரெயிலின் முனையிலுமுள்ள சிறு பற்சக்கரப் பெட்டிக்குள் செருகப்பட்டிருக்கின்றன. கேபிள் என்றாலும் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. உருக்குக் கம்பிகளை அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்த வளையக்கூடிய தண்டு அது. அதன் இரு நுனிகளும் சதுரமாக அழுத்தப்பட்டு, சதுரத் துளைகளில் பொருந்துகின்றன. மேலே பிளாஸ்டிக் உறை. ஒரே மோட்டர் இரு பக்கமும் ஒரே அளவில் சுழற்றுவதால்தான் இருக்கை நேராக நகர்கிறது. ஒரு நுனி வழுக்கினாலும் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி, இருக்கை தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும்.

கழற்றும் வேலையில் முதல் இடையூறு உடனேயே வந்தது. இருக்கையைத் தரையுடன் பிணைக்கும் நான்கு போல்ட்டுகளில் பின்னிரண்டும் வெளியே தெரிந்தன. முன்னிரண்டும், இருக்கை முன்னால் சிக்கியிருந்ததால், அதன் அடியில் மறைந்திருந்தன. அவற்றை எட்ட வேண்டுமானால் இருக்கை பின்னே போக வேண்டும். பின்னே போகாததுதான் நோய். பற்றரியின் மறை முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்துவிட்டு, (விபத்தில் விரியும் காற்றுப்பை உள்ள வண்டிகளில் குறைந்தது 90 விநாடிகள் பொறுத்த பின்னரே எதையும் தொட வேண்டும், அதற்குரிய மஞ்சள் நிற இணைப்பிகளில் மல்ரிமீற்றர் வைக்கவே கூடாது) கதவுக்கு வெளியே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இரு கேபிள்களையும் பற்சக்கரப் பெட்டிகளிலிருந்து விடுவித்தேன். பின்னர் நாலங்குல ஆணியொன்றின் நுனியை அரத்தால் சதுரமாக ராவி, அதையே சாவியாக்கி, பற்சக்கரப் பெட்டிகளின் துளையில் நேரடியாகச் செருகித் திருகினேன்.

இந்த ஆணிதான் முழு வேலையிலும் எனக்கு அதிகம் சொல்லித்தந்தது. இடப்பக்கத் துளையில் அதை இரண்டு விரல்களால் திருக முடிந்தது. வலப்பக்கத்தில் குறட்டால் பிடித்து, மணிக்கட்டு நோகத் திருக வேண்டியிருந்தது. கால் சுற்றுக்கு ஒருமுறை மணல் அரைபடும் ஓசை கேட்டது. கேபிளைக் கண்ணால் பார்க்கும் முன்னரே, அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்பது கையில் தெரிந்துவிட்டது. இருக்கை ஒரு சென்ரிமீற்றர் நகர ஏறக்குறைய முப்பது சுற்றுகள் தேவைப்பட்டதால், ஆணியைத் துளைக்கருவியில் பூட்டி, மிகக் குறைந்த வேகத்தில், வலமும் இடமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பின்னே கொண்டுபோனேன். ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து ஓட்டியிருந்தால் மறுபடியும் கோணிச் சிக்கியிருக்கும். அதன் பின்னர் 14 மி.மீ. சாவியால் நான்கு போல்ட்டுகளும் கழன்றன. மின் இருக்கை நினைப்பதைவிடக் கனமானது; கதவு நிலையில் சாக்கு விரித்து, மாமாவின் அயலவர் ஒருவரின் துணையோடுதான் வெளியே எடுத்தோம்.

விறாந்தையில் பழைய பாயொன்றின் மேல் இருக்கையைக் கவிழ்த்து வைத்ததும் கதை முழுவதும் கண்முன் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தின்போது, இந்தக் காரின் தரைவிரிப்புக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வாவி நீரும் கலந்த வெள்ளம் அது. வடிந்த பின் விரிப்பைக் கழற்றி வெயிலில் காயப்போட்டார்கள். எஞ்சினையும் பிரேக்கையும் பார்த்தார்கள். இருக்கையின் அடியை எவரும் பார்க்கவில்லை. மேலே துணியும் பஞ்சும் நனையாததால் பார்க்கத் தோன்றாததும் இயல்பே. கதவோரமாக இருந்த வல ரெயிலில் பழைய கிறீஸ் மெழுகுபோல் இறுகி, அதில் வாவி மணல் ஒட்டி, அதன் மேல் துரு பூத்துக் கிடந்தது. இட ரெயிலில் துரு அவ்வளவு இல்லை. கிறீஸ் மட்டும் காய்ந்திருந்தது.

வலப்பக்கக் கேபிளை உருவிப் பார்த்தேன். கம்பிச் சுற்று முழுவதும் நல்ல நிலையில் இருந்தது. ரெயிலுக்குள் செல்லும் நுனியில் மட்டும், கடைசி நான்கு மி.மீ. தூரத்துக்குச் சதுரத்தின் மூலைகள் தேய்ந்து உருண்டையாகியிருந்தன. அதற்குப் பின்னால் மூலைகள் கூர்மையாகவே நின்றன. காரணம் அளந்தபோது தெரிந்தது. மோட்டர்ப் பக்கத் துளை ஆழமானது. ஆண்டுக்கணக்கில் கேபிள் உறைக்குள் நழுவி அந்தப் பக்கமாக உட்போய், ரெயில் பக்கம் நான்கு மி.மீ. மட்டுமே துளையில் பிடித்திருந்திருக்கிறது. அந்தப் பெட்டியின் துளையோ 12 மி.மீ. ஆழம் கொண்டது. ரெயில் இலகுவாக ஓடியவரை அந்த நான்கு மி.மீ. போதுமாயிருந்தது. துருவும் மணலும் ரெயிலை இறுக்கிய பிறகு, சுமை முழுவதும் அந்தச் சிறு நுனியில் விழுந்து மூலைகளை அரைத்துவிட்டது. இருக்கை நகராதபோதெல்லாம் சுவிச்சை நெடுநேரம் அழுத்திப் பிடித்திருந்ததாக மாமா சொன்னார், அதுவும் சேர்ந்திருக்கும்.

இங்கேதான் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்பும் விடயம் இருக்கிறது. கேபிளை மட்டும் திருத்திப் பூட்டியிருந்தால் இருக்கை அன்றே ஓடியிருக்கும், எல்லோரும் மகிழ்ந்திருப்போம், அடுத்த மாரிக்குள் அதே நுனி மறுபடியும் தேய்ந்திருக்கும். மோட்டரை மட்டும் மாற்றியிருந்தாலும் அது அதே கேபிளில்தான் சுழன்றிருக்கும். தேய்ந்தது கேபிள், தேய்த்தது ரெயில். ஆகவே முதல் வார இறுதி முழுவதையும் ரெயில்களுக்கே கொடுத்தேன்.

மெத்தைச் சட்டத்தை ரெயில்களிலிருந்து பிரித்து, இரண்டையும் தனித்தனியாக மேசையில் வைத்தேன். மேல் தடம் கீழ்த் தடத்துக்குள் சிறு உருண்டைகளின் மேல் ஓடுகிறது. ஓரங்கள் மடித்து அடிக்கப்பட்டிருப்பதால் அவற்றைப் பிரிக்க முயலக் கூடாது. பிரித்தால் உருண்டைகள் சிதறும். மீண்டும் அதே இறுக்கத்தில் சேர்ப்பது வீட்டில் முடிகிற வேலையன்று. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தென்னோலை ஈர்க்கைச் சீவி இடுக்குகளில் விட்டு, மணலைக் கிளறிக் கிளறி எடுத்தேன். இரும்பூசியால் கிளறியிருந்தால் உருண்டை ஓடும் பாதையில் கீறல் விழுந்திருக்கும். ஈர்க்கு வளையும், கீறாது, போதிய விறைப்பும் உடையது. திருகுத் தண்டின் இழைகளைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தேன். முதலில் வந்த கழிவு செம்மண் குழம்பாக இருந்தது. மூன்றாம் முறை ஊறிய பின்னரே எண்ணெய் ஓரளவு தெளிந்தது. வெளிப்புறத் துருவுக்கு மட்டும் நுண்ணிய எமரித்தாள் பயன்படுத்தினேன். அதன் துகள் உள்ளே போனால் மணலைவிடக் கெடுதல் செய்யும். ரயர்க் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடித்து, அரை நாள் வெயிலில் காயவிட்டேன். மண்ணெண்ணெய் வேலையைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் மெத்தைப் பஞ்சுக்கும் தொலைவில் செய்ய வேண்டும். பெற்றோலை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. நான் அதை ஒருபோதும் செய்ய மாட்டேன்.

வலப் பற்சக்கரப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளிருந்த நைலோன் சக்கரத்தின் பற்கள் முழுமையாக இருந்தன; பல வண்டிகளில் இவைதான் முதலில் உதிரும் என்பதால் அந்தக் கணத்தில் எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. பழைய கிறீஸை வழித்து, வெள்ளை லித்தியம் கிறீஸை மெல்லிய படலமாகச் சக்கரத்திலும் திருகுத் தண்டிலும் உருண்டைப் பாதையிலும் பூசினேன். டபிள்யூ.டி. 40 போன்ற தெளிப்பானைப் பூசிவிட்டு வேலை முடிந்ததென்று விடுவது தவறு. அது துருவை இளக்கும், ஈரத்தை விரட்டும், ஆனால் சுமை தாங்கும் உராய்வு நீக்கியாக நிலைத்து நிற்காது, மிஞ்சிய கிறீஸையும் கரைத்துவிடும்.

இரண்டாவது வார இறுதி கேபிளுக்கு. மோட்டார் சைக்கிள் ஸ்பீடோமீற்றர் கேபிளை வெட்டிப் போடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நுனி சதுரமாக இருப்பதால் அது பொருந்தும் போலத் தோன்றும். ஆனால் அந்தக் கேபிள் ஒரே திசையில், மிகச் சிறிய சுமையோடு சுழலுவதற்காகச் சுற்றப்பட்டது. கம்பியின் வெளியடுக்கு இறுகும் திசையில் அது வலுவாக நிற்கும்; எதிர்த் திசையில் சுமையேற்றினால் அடுக்கு விரிந்து முறுக்கேறிவிடும். இருக்கைக்கு முன்னும் பின்னும் ஒரே வலு வேண்டும். அதனால் அந்த யோசனையைக் கைவிட்டுக் காத்தான்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கேபிளைக் கொண்டுபோய், நுனிக்குப் புதிய சதுரம் ஒட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் அதைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு நெருப்புக் காட்டினா உருக்கு இளகிடும். பிறகு நுனி நிக்கும், நடுவுல முறுக்கும். உள்ளுக்கு நல்ல சதுரம் கிடக்குதே, அதக் கொண்டுபோய் ஓட்டைக்குள்ள சேர்க்கிற வழியப் பாருங்க" என்றார்.

கூலி எதுவும் வாங்காமல் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் பழுதைத் தீர்த்தது. கேபிளை நீட்ட முடியாது. ஆனால் உறையைக் குறுக்கலாம். உறையின் நுனியிலிருந்த உலோகக் கழுத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சரியாக 6 மி.மீ. அளந்து, கூரிய கத்தியால் நேராக வெட்டி, பிசிறு நீக்கி, கழுத்தை மறுபடியும் பூட்டினேன். இப்போது கேபிள் முழுவதும் மோட்டர்ப் பக்கம் நழுவிப்போனாலும் ரெயில் பக்கம் 10 மி.மீ. துளைக்குள் நிற்கும், இரண்டு மி.மீ. இடைவெளியும் மிஞ்சும். அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். கேபிள் இருபுறமும் முட்டி நின்றால் வளைந்து உறையை உரசும். பத்து மி.மீ. வெட்டிவிடலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது, அளவுகோல் தடுத்தது. கூடவே கேபிளை முன்பின்னாகத் திருப்பிப் போட்டேன். இரு நுனிகளும் ஒரே அளவானவை என்பதால் தேய்ந்த நுனி ஆழமான மோட்டர்த் துளைக்குள் போய், அதன் பின்னாலுள்ள கூர்மையான மூலைகளால் பிடித்துக்கொண்டது; தேயாத நுனி ரெயிலுக்குக் கிடைத்தது.

பூட்டும் முன் இரு பக்கங்களையும் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு ரெயிலிலும் கீழ்த் தடத்தின் முனையிலிருந்து மேல் தடத்தின் முனைவரை அளந்தேன்; ஆணிச் சாவியால் திருகி இரண்டையும் அரை மி.மீ. வித்தியாசத்துக்குள் கொண்டுவந்த பின்னரே மெத்தைச் சட்டத்தைப் பொருத்திக் கேபிள்களைச் செருகினேன். இதைத் தவறவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் இருக்கை தொடக்கத்திலிருந்தே கோணலாக ஓடும்.

மின்சாரப் பக்கத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த இணைப்பியின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கழற்றுவதற்கு முன்பே, மோட்டர் திணறும்போது அதன் முனைகளில் அளந்த மின்னழுத்தம் 9.1 வோல்ட் மட்டுமே. அதே நேரம் பற்றரியில் 12.4 வோல்ட் இருந்தது. சுமையில்லாமல் அளந்தால் இந்தக் குறை தெரியாது. மின்னோட்டம் பாயும்போதுதான் களிம்பு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மெல்லிய அரத்தால் முனைகளைச் சுரண்டி, கன்டாக்ற் கிளீனர் அடித்து, வரும் மாரியில் நீர் எட்டாதபடி இணைப்பியைச் சட்டத்தின் மேல்பகுதியில் கட்டிவைத்தேன்.

குளிரூட்டி திருத்தும் நண்பரிடமிருந்து வயரைக் கவ்விப் பிடித்து நேர்மின்னோட்டம் அளக்கக்கூடிய கிளாம்ப் மீற்றரை இரவல் வாங்கியிருந்தேன். பல கிளாம்ப் மீற்றர்கள் வீட்டு மின்சாரத்தை மட்டுமே அளக்கும். இதற்கு அவை பயன்படா. மோட்டர் தனியே சுழன்றபோது 2.5 அம்பியர் எடுத்தது. சுத்தம் செய்வதற்கு முன், நல்லதென்று நான் நினைத்த இட ரெயிலை மட்டும் இழுக்கவே 9 அம்பியர் எடுத்திருந்தது. சுத்தம் செய்த பின் இரு ரெயில்களையும் சேர்த்து இழுக்க 5 அம்பியர் போதுமாயிருந்தது. மோட்டரில் மின்னழுத்தம் 11.8 வோல்ட்டாக உயர்ந்தது. மோட்டரை நான் திறக்கவே இல்லை.

நான்கு போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, இருக்கையை முன்னும் பின்னும் முழுத் தூரம் ஓட்டிப் பார்த்த பின்னரே மூலைக்கு மூலை மாற்றி இறுக்கினேன். விபத்தொன்றில் ஓட்டுநரையும் இருக்கையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துபவை இவை என்பதால், இழையில் துருப்பிடித்திருந்த ஒன்றுக்குப் பதிலாக அதே தரத்திலான வேறொன்றைத் தேடி வாங்கிப் போட்டேன். மாமா ஏறி உட்கார்ந்து, சுவிச்சை அழுத்தி, இருக்கை கடைசி எல்லைவரை பின்னே போகும்வரை விரலை எடுக்கவில்லை. எல்லையைத் தொட்டதும் விரலை எடுத்துவிடும்படி சொன்னேன். காலை நீட்டிப் பிரேக்கை இரண்டுமுறை மிதித்துப் பார்த்தார்.

ஓட்டுநருக்கு இடப்பக்கமுள்ள பயணி இருக்கையும் அதே வெள்ளத்தில்தான் நின்றது. அது இன்னும் ஓடுகிறது, ஆனால் மெதுவாக. மாரி தொடங்கும் முன் அதன் ரெயில்களையும் கழற்றுவதற்கு ஒரு சனிக்கிழமையை மாமா நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். ஆணிச் சாவி காரின் கையுறைப் பெட்டியிலேயே இருக்கிறது.